உன் வலது கைக்கு என்ன நடந்தது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டு எழுந்து, கை கழுவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னதை அவர் என்னிடம் புதன்கிழமைதான் சொன்னார். "ரெம்பாவ் பொண்ண வேணாம்னு சொல்லிடச் சொல்றான். இந்தக் கை அவனோட போகட்டுமாம். ரத்தத்துல இருக்கிறத ஒரு புள்ளைக்குக் குடுக்க மாட்டானாம்" என்றார். ஓடாத வானொலியைத் திருகிக்கொண்டு நின்றார். நேரில் பேசினால் நீ "விடுங்கம்மா" என்று எழுந்து போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தெரிந்த எனக்கு, என்னைப் பற்றிப் பேசத்தான் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்காதே. உன் தங்கை வாசிக்கட்டும், ரெம்பாவ் பொண்ணு வசந்தா வாசிக்கட்டும், கல்யாணப் பேச்சில் வாய் வைக்கிற உறவுக்காரர் யாரானாலும் வாசிக்கட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கை உன் பிள்ளைக்குப் போகாது. அது நம் குடும்பத்தின் வழியாக வந்ததல்ல, யாருடைய பாவத்தாலும் வந்ததல்ல. நீ என் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சின்னம்மை வந்தது. அது உன்னையும் தொட்டுவிட்டுப் போனது. உன் வலது கை மெலிந்து குட்டையாக இருப்பதும், முழங்கை நீளாமல் நிற்பதும், கடைசி இரண்டு விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்திருப்பதும், தோளிலிருந்து இறங்குகிற அந்தச் சுருங்கிய தழும்பும், எல்லாம் அதன் அடையாளம்.

உனக்கு இரத்தக் கதையைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் அக்கா, சிரம்பான் அத்தைதான். நீ பிறந்த அன்றே ஆரம்பித்துவிட்டார். "அவங்க வழியில ஒரு நொண்டிப் பெரியப்பா இருந்தாருல்ல, அதான் இங்க வந்து நிக்குது." அவர் சொல்கிற என் பெரியப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அங்கே காலில் தண்டவாளம் விழுந்தது. அவர் போகும்போது நேராக நடந்துதான் லோரியில் ஏறினார், என் கண்ணால் பார்த்தேன். சயாமில் விழுந்த தண்டவாளம் எப்படி என் இரத்தத்தில் ஏறி உன் விரலை மடக்கும்? அத்தை கெட்டவர் அல்ல. ஒரு பிள்ளை இப்படிப் பிறந்தால் மனிதர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. காரணம் கிடைக்காவிட்டால் கைக்கு எட்டிய ஆளைக் காரணமாக்கிவிடுகிறார்கள். நீ அந்தத் தவறைச் செய்யாதே. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைக்கவும் ஒரு தைரியம் வேண்டும்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். நானும் அப்பாவும் கல்யாணமாகிக் காட்டோரத்து லயத்தில், தோட்டத்துக் கூலிவீட்டு வரிசையில், குடியிருந்தோம். காட்டில் இருந்தவர்களுக்கு நாம் அரிசி கொடுத்துவிடுவோம் என்று வெள்ளைக்காரனுக்குச் சந்தேகம். ஒரு காலையில் லோரிகள் வந்தன. சட்டி பானை, கோழி, பாய், சாமி படம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய லயத்தில் இறக்கினார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி, ஒரே ஒரு வாசல், வாசலில் துப்பாக்கியோடு காவல். சாயங்காலத்துக்கு மேல் யாரும் வெளியே போகக்கூடாது. காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக்கூடாது. வீடு பற்றாது, ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம். நமக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பழைய சேலைதான் சுவர். அந்தப் பக்கம் அஞ்சலை அக்காவும் அவள் புருஷனும், கைப்பிள்ளை மணியமும்.

ஆமாம், உன் மணியம்தான். நீ பெரியம்மா என்று கூப்பிடுகிற அதே அஞ்சலை.

மணியத்துக்கு அம்மை போட்டது. நம் ஆட்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த நாளில் இன்னும் கெட்டி. நோய் என்ற சொல்லே அந்த வீட்டில் வரக்கூடாது. மாரியம்மா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள். வாசலில் வேப்பிலை, தாளிப்பு இல்லாத சாப்பாடு, கூழ், இளநீர். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் காட்டினால் தாய்க்குக் கோபம் வரும். அஞ்சலை வேலைக்குப் போகாவிட்டால் பேர் வெட்டிவிடுவார்கள். நான் மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். சேலையை ஒதுக்கிவிட்டு நானே பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். அரிக்கிற இடத்தை வேப்பிலையால் வருடிவிடுவேன், மடியில் போட்டுத் தூங்கவைப்பேன். லயத்துப் பெண்கள் எல்லோரும் மெச்சினார்கள். "அம்மாவுக்கு ஊழியம் செய்யிற வயிறு, தங்கமா ஒரு புள்ள பொறக்கும் பாரு." சின்ன வயதில் எனக்கு முத்துப் போட்டதே இல்லை என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

மணியத்துக்குத் தலைக்கு ஊற்றி முடித்தார்கள். அடுத்து எனக்குப் போட்டது. அப்போது நீ மூன்றாம் மாதம். வேப்பமரம் வேலிக்கு வெளியே கோயிலடியில்தான் இருந்தது. அப்பா வேலை முடிந்து வரும்போது ஒரு பெரிய கட்டு ஒடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற மலாய்க் காவல்காரர் கட்டைப் பிரித்து உதறச் சொன்னார். உள்ளே அரிசி இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். என்ன இது, சாப்பாடா என்று மலாயில் கேட்டார்.

"அப்பா இனி? மாக்கானான்கா?"

"சாப்பாடு இல்ல லா, எஞ்சே. டவுன், டவுன், வெறும் எல. வீட்டுல சாமி வந்திருக்கு. பினி பூஞ்யா பாடான் பெனோ..." என்று, பெண்சாதி உடம்பு முழுக்க என்பதை அப்பா தன் உடம்பெல்லாம் விரலால் புள்ளி வைத்துக் காட்டினாராம்.

"சாச்சார்கா?" காவல்காரர் துப்பாக்கியோடு பின்னால் போய், "பெர்கி, பெர்கி! ஜாங்கான் டெக்காட்!" என்று விரட்டிவிட்டார். அம்மையா, கிட்டே வராதே, போ போ என்று. அதற்குப் பிறகு எனக்குத் தலைக்கு ஊற்றுகிறவரை அப்பாவை அந்த வாசலில் யாரும் சோதிக்கவில்லை. "நெனச்சிருந்தா ஒரு மூட்டை அரிசியே கடத்தியிருக்கலாம்" என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். பின்னால்தான் யோசித்தேன்: வேலி வாசலில் நின்ற அந்த மனிதருக்கு அது தொற்றும் என்று தெரிந்திருந்தது. நமக்கு அது வந்து தங்கிப் போகிற தெய்வம். தெய்வத்தைப் பார்த்து யார் தள்ளி நிற்பார்கள்?

நீ தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாய். நல்ல அழுகை, நல்ல பசி. துணியைப் பிரித்துப் பார்த்த அத்தை மறுபடி மூடிவிட்டார். டிரெசர் நல்ல மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தார். "புள்ளத்தாச்சியா இருக்கும்போது நோய்நொடி ஏதாச்சும் வந்துச்சாம்மா? காய்ச்சல், கீய்ச்சல்?" நான் வாயைத் திறக்குமுன் அத்தை சொன்னார்: "ஒரு தலைவலிகூட இல்லைங்க." அவர் பொய் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மாரியம்மா வந்ததை யாராவது நோய்க் கணக்கில் சேர்ப்பார்களா? டிரெசர் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்ப பொறவியிலேயே உள்ளதுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை பெரியப்பாவின் காலைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூட வேண்டிய கதவு அப்படித் திறந்தே கிடந்துவிட்டது.

உன் விரல்களை நான் தினமும் எண்ணெய் போட்டு நீவி நீட்டுவேன். நீ கத்துவாய், நானும் அழுதுகொண்டே நீட்டுவேன். விரல் அசையவில்லை. நீ தவழ ஆரம்பித்தபோது, ஒரு கையை ஊன்றி நண்டு மாதிரி பக்கவாட்டில் போவதைப் பார்த்துவிட்டு, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி டிரெசரிடம் கேட்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகத்தான் போனேன். அங்கே இருந்தது ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. அவர் பேசுகிற தமிழை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உன் தோள் தழும்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என் புருவத்துக்கு மேல் ஒரு குழி வடு இருக்கிறதல்லவா, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை வயித்தில இருக்கேக்க உமக்கு மேலெல்லாம் கொப்புளம் போட்டதோ?"

சாமி விஷயத்தை ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன்.

"எத்தினையாம் மாசம்?"

"மூணுங்க. ஆனா நோயெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, முத்துதான் போட்டுச்சு."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "நூறு வீதம் எண்டு என்னால சொல்ல ஏலாது, தங்கச்சி. இதைப் பற்றி இப்பதான் அங்கை இங்கை எழுதத் தொடங்கியிருக்கினம். ஆனா இந்தத் தழும்பு, இந்தக் கை, நீர் சொல்லுற மாசம், எல்லாம் ஒண்டோட ஒண்டு பொருந்துது. அந்தக் கிருமி பிள்ளையின்ரை நரம்பிலை போயிருக்கு. கை வளருற நேரம் வளர விடேல்லை. அம்மை வந்த எல்லாத் தாய்க்கும் இப்பிடி ஆகாது. வலு அருமையாத்தான் நடக்கும். அது உமக்கு நடந்திட்டுது."

"அப்போ எங்க வம்சத்துல இருக்கிறது இல்லைங்களா?"

"இது வயித்துக்குள்ள பட்ட காயம். காயம் பரம்பரையா வாறதே?"

தம்பி, நான் எத்தனையோ வாசித்திருக்கிறேன். பிற்காலத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கில மருத்துவப் புத்தகமும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா சொன்னதற்கு மாறாக அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் புத்தகமும் அந்த ஒரு கேள்வியைப் போல என்னை நிமிர்த்தியதில்லை. கை முழுவதும் நேராகாது, ஆனால் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பலாம் என்று பலகை வைத்துக் கட்டினார். கட்டியதால்தான் இன்று அந்தக் கையில் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறாய். ஊரடங்குக்கு முன்னால் வேலிக்குள் வந்துவிட வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினேன். ஓடும்போது நீ கனக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னேன். இருவரும் பேசி, வெளியே சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். ஏன் என்று நீ இப்போது கேட்பாய். சேலைக்கு அந்தப் பக்கம் அஞ்சலை இருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் எனக்கும் சேர்த்து அவள்தான் சமைத்தாள். மணியம் உன் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "உன் பிள்ளையிடமிருந்துதான் வந்தது" என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அவள் கேட்டு நான் பார்த்துக்கொள்ளவில்லை. நானாகத்தான் மடியில் எடுத்தேன். அவள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. என் குற்றமும் இல்லை, அதையும் தெளிவாகச் சொல்கிறேன். ஒரு அழுகிற பிள்ளையைத் தூக்கியதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, உன்னிடமும்தான். ஆனால் லயத்தில் அந்தப் பேச்சு போனால் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? வேலிக்குள் அடைபட்ட ஜனம். ஒருத்தியைப் பிடித்துக்கொண்டால் விடாது. அம்மன்மேல் பழி போட்டாள் என்று என்னையும் சேர்த்துத்தான் பேசும். நான் இன்றும் ஆடி மாதம் பால்குடம் எடுக்கிறவள்தான். கிருமி நோயைக் கொடுத்தது, தாங்குகிற தெம்பைத் தாய் கொடுத்தாள் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அது எனக்குப் போதும்.

அந்த மௌனத்துக்கு நான் வருத்தப்படவில்லை. அது உனக்கு ஒரு அண்ணனைக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் "மடக்கைப் பயலே" என்று கூப்பிட்டவனின் பல்லை உடைத்துவிட்டு வந்து நின்றானே, "அவனே கீழ விழுந்துட்டான் சின்னம்மா" என்று அப்பாவி மாதிரி. நீ சைக்கிள் கேட்டு அழுதபோது, "இவனால எப்படி முடியும்" என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். அவன் இரண்டு பிரேக்கையும் இடது பக்கம் மாற்றிக் கட்டி, உன்னை ஏற்றி, ஆபீஸ் மேட்டிலிருந்து தள்ளியே விட்டுவிட்டான். நீ கால்வாயில் போய் விழுந்து, மண்டையில் இரத்தத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாய். அன்றைக்கு நான் மணியத்தைத் திட்டிய திட்டுக்கு அளவில்லை. உன்னைக் கூடுதலாகக் காப்பாற்ற நினைத்தது நான்தான். உன்னை உள்ளபடி பார்த்தவன் அவன். உன் பிள்ளைகளை வளர்க்கும்போது கொஞ்சம் மணியம் மாதிரி இரு.

உன் தங்கை வயிற்றில் வந்தபோது அத்தை மறுபடி வந்தார். "ஒண்ணு போதாதா? கலச்சுடு புள்ள, மருத்துவச்சிகிட்ட நான் சொல்றேன்" என்றார். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் எனக்கு இரண்டு விஷயம் தெரிந்திருந்தது. காயம் பரம்பரையாக வராது. அம்மை எனக்கு ஒருமுறை வந்து போய்விட்டது, அநேகமாக இனி வராது. "இந்தப் புள்ளைய நான் பெத்துக்கத்தான் போறேன், அண்ணி. பேர் வைக்க வந்துடுங்க" என்றேன். என் வாழ்க்கையில் அவரை எதிர்த்துப் பேசியது அந்த ஒருமுறைதான். அவள் நேரான கைகால்களோடு பிறந்ததால் நான் சொன்னது உண்மையாகிவிட்டது என்று நினைக்காதே. எந்தப் பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. எல்லாத் தாய் தகப்பனும் எடுக்கிற துணிச்சல்தான் உனக்கும் வேண்டும். அதற்குமேல் ஒரு கழஞ்சுகூட உன் கைக்காகக் கூடுதலாக வேண்டியதில்லை.

என் மௌனம் உன்னை ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லவைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் அதை உடைக்கிறேன். ஆனால் உன்னிடம் எழுதுவதற்கு முன்னால் அஞ்சலையிடம் சொல்லவேண்டும் என்று பட்டது. நேற்று போர்டிக்சனில் இறங்கி சி ரூசா பஸ் பிடித்துப் போனேன். கடலோரத்தில் அவள் பிசாங் கோரேங் கடை போட்டிருக்கிற இடம் உனக்குத் தெரியுமே. எண்ணெயில் வாழைப்பழம் பொரிந்துகொண்டிருந்தது.

"என்னடி இது, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? மவன் கல்யாணத்துக்கு வெத்தல பாக்கு வைக்க வந்தியா?"

"கல்யாணமே நிக்குதுக்கா."

அவள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மாவை, மூன்றாம் மாதத்தை, சேலைக்கு அந்தப் பக்கத்தை. நடுவில் ஒரு பையன் வந்து, "மக்சிக், பிசாங் அடா?" என்று பழம் இருக்கிறதா கேட்டான். "தாடா, அபிஸ்", தீர்ந்துபோச்சு என்று கையை வீசிவிட்டாள், சட்டி நிறையப் பழம் கருகிக்கொண்டிருக்க.

"அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா உம் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்டி. ராவோட ராவா வேற தோட்டத்துக்கு ஓடியிருப்பேன்."

"அதான் சொல்லலக்கா."

"வேலிய தாண்டி எங்க ஓடுறது, சுட்டுப்புடுவானுங்க" என்று சொல்லி அவளே சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எழுதுடி. ஒண்ணையும் மறைக்காம எழுது. அவன் கை வளஞ்சதுக்கு நீயும் பொறுப்பில்ல, நானும் பொறுப்பில்ல. ஆனா இதுக்காக அவன் கல்யாணம் நின்னுச்சுன்னா, அது நான் செஞ்ச மாதிரி ஆயிடும். அத என்னால தாங்க முடியாது."

மணியத்திடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், நீ முந்தாதே. அவன் உன் முன்னால் வந்து தலையைத் தொங்கப்போட்டு நிற்பான். ஆறுதல் சொல்லாதே. அவனைத் திட்டு, வேலை ஏதாவது வாங்கு, பந்தல் போடச் சொல். அவனுக்கு அதுதான் புரியும்.

வசந்தாவுக்குச் சின்ன வயதிலேயே முத்துப் போட்டாயிற்று. முகவாயில் வடு இருக்கிறது, நேற்று வரும் வழியில் ரெம்பாவில் இறங்கி அவள் தாயிடமும் கேட்டு உறுதி செய்துவிட்டேன். சம்பந்தி பேசப் போன இடத்தில் என்ன கேள்வி கேட்கிறாள் இந்தப் பொம்பளை என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பயமில்ல, அத்தை. அவருக்குத்தான் பயம். அதையாவது அவரு நேருல வந்து சொல்லலாம்லா."

அவள் கேட்பது நியாயம். வருகிற ஞாயிறு ரெம்பாவுக்குப் போ. அப்பாவை அனுப்பாதே, என்னையும் கூப்பிடாதே. இதையெல்லாம் அறிந்த பிறகும் அந்தப் பெண்ணை உனக்குப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா. நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். பிடித்திருக்கிறது என்றால் அதையும் நீயே சொல். எதைச் சொன்னாலும் அது உன் சொல்லாக இருக்கட்டும். அதற்குச் சாட்சியாக என் இரத்தத்தை இழுக்காதே. அதில் குறை ஒன்றும் இல்லை.

அம்மா